வைக்கோலும் மாட்டின் வயிற்றில் வாழும் பங்கசும்

பெரும்போக அறுவடை முடிந்தபின் வயலிலே எஞ்சும் பொருள்களுள் அளவிற் பெரியது வைக்கோலாகும். ஒரு கிலோகிராம் நெல் விளையுமிடத்தில் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வைக்கோலும் விளைகின்றது. நெல்லைப் பக்குவமாகக் காயவைத்து மூடையிற் கட்டும் கமக்காரருட் பலர், வைக்கோலை வயலிலேயே விட்டுத் தீ மூட்டிவிடுகின்றனர். அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலெங்கும் பரப்பிவிட்டுச் செல்வதனால், அதனைக் கூட்டிச் சேர்ப்பதற்கு ஆகும் கூலியை எண்ணி, எரித்துவிடுதலே இலகுவென்று அவர்கள் கருதுகின்றனர். அதே கமக்காரரின் மாடுகள், ஆடி ஆவணி மாதங்களில் வரண்ட தரவைகளிலே விலாவெலும்பு தெரிய நின்று, புல்லைத் தேடி அலைவதையும் காணலாம். மாசி பங்குனியில் எரிந்துபோன தீனியே ஆடி ஆவணியில் இல்லாமற்போகின்றது.

வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றிப் பாலைத் தராது என்பது பலருடைய எண்ணம். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. வைக்கோலை மாத்திரம் தின்னும் மாடு மெலியும். ஆயினும், வைக்கோலிற் சக்தி இல்லாமை அதற்குக் காரணமன்று. அச்சக்தியை வெளிக்கொணரும் நுண்ணங்கிகள் மாட்டின் வயிற்றில் வாழ்கின்றன. அவற்றுக்கு வேண்டிய உணவு வைக்கோலிற் போதாமையே காரணமாகும். அந்நுண்ணங்கிகளுள் மிகப் பிந்தி அறியப்பட்டது ஒருவகைப் பங்கசு. முரட்டுத் தீனியை உடைத்துத் திறப்பதில் அது செய்யும் வேலை பெரிது. அப்பங்கசின் இயல்பை அறிந்து தீனி கொடுக்கும் கமக்காரர், தம் வயலில் விளைந்த வைக்கோலிலிருந்தே கூடிய பயனைப் பெறலாம்.

வைக்கோலின் அமைப்பு

வைக்கோலின் உலர்ந்த நிறையில் அரைப்பங்குக்கு மேல் செலுலோசும் அரைச்செலுலோசும் ஆகும். செலுலோசு என்பது குளுக்கோசு என்னும் வெல்லத்தின் கூறுகள் ஒன்றோடொன்று சங்கிலிபோற் கோக்கப்பட்டு உண்டான பொருள். அரிசியிலுள்ள மாப்பொருளும் அதே குளுக்கோசினாலேயே ஆனது. கோக்கப்பட்ட முறை மாத்திரம் வேறு. மாப்பொருளின் கோப்பை மனிதரின் குடல் அவிழ்க்கும். செலுலோசின் கோப்பை மனிதரின் குடலும் அவிழ்க்காது, மாட்டின் குடலும் அவிழ்க்காது. ஆகவே, சோற்றிலுள்ள சக்திக்கு இனமான சக்தி வைக்கோலிலும் பூட்டப்பட்டுக் கிடக்கின்றது என்று கூறலாம்.

இப்பூட்டுக்கு மேலும் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று இலிக்கினின். மரத்துக்கு வைரத்தைக் கொடுக்கும் இப்பொருள், வைக்கோலின் தண்டில் அரைச்செலுலோசுடன் பிணைந்து நார்களைச் சூழ்ந்து நிற்கின்றது. மற்றது சிலிக்கா என்னும் மணற்சத்து. நெற்பயிர் ஏனைய பயிர்களிலும் மிகுதியாக இதனை மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் தாளின் மேற்புறத்தில் படியச்செய்கின்றது. நெற்றாள் கையை அறுப்பதும் இதனாலேயே. இவற்றோடு, வைக்கோலில் உள்ள புரதம் நூற்றுக்கு 3 முதல் 5 பங்களவேயாகும். இவையே வைக்கோலின் குறைகள்.

மாட்டின் முதல் இரைப்பை

மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு ஆகிய இரைமீட்கும் விலங்குகளின் இரைப்பை நான்கு அறைகளையுடையது. அவற்றுள் முதலாவது மிகப் பெரிது. பெரிய பசுவொன்றில் அது 100 இலீற்றருக்கு மேற் கொள்ளும். விழுங்கிய தீனி இங்கு தங்கி ஊறி, மீண்டும் வாய்க்கு வந்து, அரைபட்டுத் திரும்பச் செல்கின்றது. அங்கே வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியசு, வெளிச்சம் இல்லை, ஒட்சிசன் இல்லையென்றே கூறலாம்.

இவ்விருண்ட அறை உயிரற்ற இடமன்று. அதிலுள்ள நீரின் ஒரு மில்லிலீற்றரில் ஆயிரங்கோடி அளவிலான பற்றீரியாக்கள் உள்ளன. இவற்றினும் பெரியனவான புரொற்றோசோவாக்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. இவை தீனியைப் புளிக்கச்செய்து அசற்றிக்கமிலம், புரப்பியோனிக்கமிலம், பியூற்றிரிக்கமிலம் என்பவற்றை உண்டாக்குகின்றன. இவ்வமிலங்கள் இரைப்பையின் சுவரினூடாக இரத்தத்திற் கலக்கின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் நூற்றுக்கு 70 பங்களவு இவற்றிலிருந்தே கிடைக்கின்றது. நார்த்தீனியிலிருந்து மிகுதியாக உண்டாவது அசற்றிக்கமிலம். பாலிலுள்ள கொழுப்பில் ஒரு பெரும்பங்கு இதிலிருந்தே ஆக்கப்படுகின்றது. பால் சேகரிக்கும் நிலையங்களில் கொழுப்பை அளந்து விலை கொடுக்கப்படுவதால், நாரை நன்கு செரிக்கும் மாடு கமக்காரரின் கைக்கும் பணத்தைத் தருகின்றது.

மேலும், இந்நுண்ணங்கிகள் பெருகிப் பின் தீனியோடு நான்காம் அறைக்கும் குடலுக்கும் தள்ளப்பட்டு, அங்கே தாமும் செரிக்கப்படுகின்றன. மாட்டுக்குக் கிடைக்கும் புரதத்திற் பெரும்பங்கு இவற்றின் உடல்களே. மாட்டுக்குத் தீனி போடுபவர் முதலில் இந்நுண்ணங்கிகளுக்கே தீனி போடுகின்றார் என்பதை மனத்திற் கொள்ளவேண்டும்.

பங்கசு அறியப்பட்ட வரலாறு

பங்கசு என்னும் பூஞ்சண இனத்துக்கு ஒட்சிசன் இன்றியமையாதது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பாணிற் பிடிக்கும் பூஞ்சணமும், நெல்லின் எரிபந்த நோயை உண்டாக்கும் பங்கசும், உக்கும் மரத்திற் படரும் காளானும் காற்றுள்ள இடத்திலேயே தழைக்கின்றன. ஆகவே, ஒட்சிசன் இல்லாத மாட்டின் இரைப்பையிற் பங்கசு வாழுமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

1910 ஆம் ஆண்டில் லீபெற்றான்சு என்பவரும், 1913 ஆம் ஆண்டில் பிரவுனே என்பவரும் இரைமீட்கும் விலங்குகளின் இரைப்பை நீரிலே வாலாட்டி நீந்தும் நுண்ணிய உயிர்களைக் கண்டு விவரித்தனர். அவை புரொற்றோசோவாக்கள் என்றே வகுக்கப்பட்டன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வாறே எண்ணப்பட்டும் வந்தன.

இங்கிலாந்தில் கேம்பிறிட்ஜ் நகரையடுத்த விலங்கு உடற்றொழிலியல் ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய கொலின் ஓர்ப்பின் என்பவர், செம்மறிகளில் இவற்றை ஆராய்ந்தார். ஆட்டுக்குத் தீனி கொடுத்த அரைமணி நேரத்துக்குள் இந்நீந்தும் உயிர்களின் தொகை பன்மடங்காகப் பெருகுவதை அவர் கண்டார். எந்த உயிரும் இரண்டாகப் பிளந்து பிளந்து அவ்வளவு விரைவிற் பெருக இயலாது. எங்கோ நிறைத்து வைக்கப்பட்டிருந்தவை ஒரே முறையில் வெளிவிடப்படுதல் வேண்டும். அவ்வாறு தேடியபொழுது, தீனியின் நார்களிலே ஒட்டி வளரும் பைகளிலிருந்து அவை வெளிவருதல் புலப்பட்டது. நீந்துபவை ஒரு பங்கசின் வித்திகளே என்று 1975 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். 1977 ஆம் ஆண்டில் அவற்றின் சுவரிலே கைற்றின் என்னும் பொருள் உண்டென்று காட்டினார். இறாலின் கோதிலுள்ள இப்பொருள் பங்கசுக்களின் சுவருக்கும் உரிய அடையாளமாகும். அதன்பின் ஐயம் நீங்கியது.

நியூசிலாந்தில் ஆராய்ந்த பவுச்சொப் என்பவர் 1979 ஆம் ஆண்டில், மாடுகளிலும் செம்மறிகளிலும் நார்த்தீனியின்மேல் இப்பங்கசுக்கள் அடர்ந்து படர்ந்திருப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியாற் காட்டினார். இன்று இவ்வகைப் பங்கசுக்களில் இருபது அளவிலான சாதிகள் அறியப்பட்டுள்ளன. மாடு, எருமை, ஆடு, மான், ஒட்டகம், குதிரை, யானை ஆகிய தாவரம் தின்னும் பல விலங்குகளின் உணவுப்பாதையில் இவை வாழ்கின்றன. 2007 ஆம் ஆண்டில் பங்கசு இராச்சியத்தில் இவற்றுக்கெனத் தனிப் பெரும்பிரிவு ஒன்று வகுக்கப்பட்டது.

பங்கசு வேலைசெய்யும் முறை

இப்பங்கசின் வாழ்க்கை ஒரு வித்தியிலிருந்து தொடங்குகின்றது. அவ்வித்திக்குச் சாட்டை போன்ற ஒரு வாலோ பல வால்களோ உண்டு. புதிய தீனியிலிருந்து கசியும் வெல்லச்சத்தை நாடி அது நீந்திச் செல்லும். வைக்கோலின் வெட்டுவாய், மென்று நசுங்கிய இடம், இலையின் மூச்சுத்துளை ஆகியவற்றை அடைந்ததும் அங்கே ஒட்டிக்கொள்ளும். பின்னர் வாலை உதிர்த்துவிட்டு, விதை முளைப்பதுபோல் முளைத்து, வேர்போன்ற இழைகளை நாரினுள்ளே செலுத்தும். வெளியே நிற்கும் பகுதி பையாகப் பருத்து, அதனுள் புதிய வித்திகள் உண்டாகும். அடுத்த தீனி வந்ததும் பை திறந்து வித்திகள் வெளிப்படும். இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நாளில், அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் நிறைவுறும்.

பற்றீரியாக்கள் பெரும்பாலும் நாரின் வெளிப்புறத்தையும் வெட்டப்பட்ட முகத்தையும் பற்றி அரிக்கின்றன. பங்கசோ தன் இழைகளால் வைரமான இழையத்தையும் துளைத்து உட்செல்லும் வலிமையுடையது. பாறையின் பிளவிற் புகுந்த ஆலம்வேர் பாறையைப் பிளப்பதுபோல, இவ்விழைகள் வைக்கோலின் தண்டை உள்ளிருந்தே தளர்த்துகின்றன. அவ்வாறு தளர்ந்த நார் இரைமீட்கும்பொழுது எளிதில் ஒடியும். ஒடிந்த முகங்களிற் பற்றீரியாக்கள் புகுந்து தம் வேலையைச் செய்யும்.

இழைகள் துளைக்குமிடத்திற் பலவகை நொதியங்களும் சுரக்கப்படுகின்றன. சில செலுலோசை வெட்டுகின்றன. சில அரைச்செலுலோசை வெட்டுகின்றன. வேறு சில, இலிக்கினினையும் அரைச்செலுலோசையும் பிணைக்கும் முடிச்சுக்களை அவிழ்க்கின்றன. இலிக்கினினைப் பங்கசு தனக்கு உணவாகக் கொள்வதில்லை. அதனை விலக்கி, அதன் பின்னாலுள்ள செலுலோசுக்கு வழி திறப்பதே பங்கசின் பணி.

பங்கசின் புளிப்பில் ஐதரசனும் வெளிப்படுகின்றது. அதனை இரைப்பையிலுள்ள வேறு நுண்ணங்கிகள் எடுத்து மெதேன் வாயுவாக்குகின்றன. ஐதரசன் அவ்வாறு அகற்றப்படும்பொழுது பங்கசு செலுலோசை மேலும் நன்கு செரிப்பதாக, பவுச்சொப்பும் மவுண்ட்போட் என்பவரும் 1981 ஆம் ஆண்டில் காட்டினர். இதிலே ஒரு நட்டமும் உண்டு. மாடு ஏப்பமாக வெளிவிடும் மெதேனோடு தீனியின் சக்தியில் ஒரு பங்கு வீணாகின்றது. வளிமண்டலமும் அதனால் வெப்பமடைகின்றது. நன்கு தீனியூட்டப்பட்டுக் கூடிய பால் தரும் மாட்டில், ஒரு இலீற்றர் பாலுக்கு வெளியாகும் மெதேன் குறைவாகும். அரைவயிற்றோடு வைக்கோல் மாத்திரம் தின்று, பாலின்றி ஆண்டுகள் கழிக்கும் மாட்டிலேயே இந்நட்டம் பெரிது.

வைக்கோலும் எருமையும்

மலேசியாவின் விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 1988 ஆம் ஆண்டு முதல், அந்நாட்டு மாடுகளிலும் சேற்றெருமைகளிலும் இப்பங்கசுக்களை ஆராய்ந்தனர். நெல்வைக்கோலையும் எண்ணெய்ப்பனையின் சக்கை நாரையும் இரைப்பையினுள் வைத்துப் பார்த்தபொழுது, பங்கசு அவற்றிற் பற்றிப் படர்ந்து, தடித்த சுவர்களையும் இழைகளாற் குத்தித் துளைத்திருப்பது காணப்பட்டது. இலங்கையின் மாடும் எருமையும் தின்பது அதே நெல்வைக்கோலாதலால் இவ்வாராய்ச்சி இங்குள்ள கமக்காரருக்கும் பயன்படும்.

பங்கசு இல்லாவிடின் யாது நிகழும் என்பதும் அவுஸ்திரேலியாவில் ஆராயப்பட்டது. மருந்தினாற் பங்கசு நீக்கப்பட்ட செம்மறிகள், தரங்குறைந்த நார்த்தீனியை முன்னரினும் குறைவாகவே தின்றன என்று 1993 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இதன் காரணம் விளங்கத்தக்கது. நார் உடைந்து வெளியேறினாலன்றி இரைப்பையில் இடம் உண்டாகாது. இடம் உண்டாகாவிடின் மாடு மேலும் தின்னாது. வைக்கோலை முன்னால் வைத்தும் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்வது பலவேளைகளில் இதனாலேயே.

நைதரசனும் கந்தகமும்

இரைப்பையின் நுண்ணங்கிகள் நன்கு தொழிற்படுவதற்குத் தீனியில் நூற்றுக்கு 7 பங்களவாவது புரதம், அல்லது அதற்கு ஈடான நைதரசன் இருத்தல் வேண்டும். வைக்கோலில் இருப்பது 4 பங்களவு. குறையும் 3 பங்கை ஈடுசெய்தலே கமக்காரர் செய்யவேண்டிய முதல் வேலை.

இதற்குச் செலவு குறைந்த வழி பச்சையிலை. வேலியில் வளரும் கிளிரிசீடியா, இபில்-இபில், அகத்தி, முருங்கை என்பன புரதம் நிறைந்தவை. ஒரு மாடு நாளொன்றுக்கு 5 கிலோகிராம் வைக்கோல் தின்னுமாயின், அதிற் கிடைக்கும் புரதம் ஏறத்தாழ 200 கிராம். அதனோடு 4 கிலோகிராம் பச்சைக் கிளிரிசீடியா இலையைக் கொடுத்தால், இலையின் உலர்ந்த நிறை ஏறத்தாழ 1 கிலோகிராம். அதில் 200 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. இரண்டும் சேர்ந்த 6 கிலோகிராம் தீனியில் 400 கிராம் புரதம் கிடைக்கின்றது. இது நூற்றுக்கு 7 பங்களவாகும். வேலியை வெட்டும் ஒரு கத்தியால் இக்குறை நீங்குகின்றது. கிளிரிசீடியாவின் மணத்தை முதலில் வெறுக்கும் மாடுகளுக்கு, முதல்நாள் மாலையில் வெட்டி வாடவைத்த இலையைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கவேண்டும்.

காய்கறிப் பயிர் செய்வோரிடம் வேறு பல பொருள்களும் உண்டு. காய் பறித்து முடிந்த பயற்றங்கொடி, கவ்பிக்கொடி, வற்றாளைக்கொடி, கச்சான்கொடி, கோவாவின் வெளியிலை என்பன வைக்கோலோடு சேர்த்துக் கொடுக்கத்தக்கவை. பூச்சிநாசினியோ பங்கசுநாசினியோ அண்மையில் தெளிக்கப்பட்டவற்றை மாட்டுக்குக் கொடுத்தலாகாது. மருந்துப் போத்தலிற் குறிக்கப்பட்ட நாட்கள் கழிந்த பின்னரே அவற்றைத் தீனியாகக் கொள்ளலாம்.

நைதரசனுக்கு அடுத்து வேண்டியது கந்தகம். கந்தகம் குறைந்த நிலத்தில் வளர்ந்த புல்லைத் தின்ற செம்மறிகளில் பங்கசு மிக அரிதாயிருந்ததையும், அதே புல்லுக்குக் கந்தகப் பசளை இட்டுக் கொடுத்தபொழுது பங்கசு பெருகி, ஆடுகள் கூடிய தீனி தின்றதையும் 1983 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பச்சையிலையிலும் பிண்ணாக்கிலும் உள்ள புரதத்தோடு கந்தகமும் சேர்ந்தே கிடைக்கின்றது. யூரியாவில் கந்தகம் இல்லை. ஆகவே, யூரியா பயன்படுத்துவோரும் பச்சையிலையைக் கைவிடலாகாது. உப்பும் கனிப்பொருட் கலவையும் கொடுத்தல் நன்று.

யூரியாவிற் பதப்படுத்திய வைக்கோல்

இலங்கையில் 1980 ஆம் ஆண்டுகளில் வைக்கோலை யூரியாவினாற் பதப்படுத்தும் முறை விரிவாக ஆராயப்பட்டுக் கமக்காரருக்கும் காட்டப்பட்டது. யூரியா ஈரத்தில் அமோனியாவாக மாறுகின்றது. அமோனியா, இலிக்கினினை அரைச்செலுலோசோடு பிணைக்கும் முடிச்சுக்களை அவிழ்க்கின்றது. இரைப்பையிற் பங்கசின் நொதியம் செய்யும் வேலையின் ஒரு பகுதியை, வைக்கோற் குவியலிலேயே அமோனியா முன்கூட்டிச் செய்துவிடுகின்றது. அத்தோடு நுண்ணங்கிகளுக்கு வேண்டிய நைதரசனும் வைக்கோலிற் சேர்கின்றது.

முறை வருமாறு: 100 கிலோகிராம் உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை 100 இலீற்றர் நீரில் முற்றாகக் கரைக்கவேண்டும். நிலத்திற் பொலித்தீன் விரித்து, வைக்கோலைப் படைபடையாகப் பரப்பி, ஒவ்வொரு படைக்கும் கரைசலைப் பூவாளியாற் சமமாகத் தெளித்து மிதித்து இறுக்கவேண்டும். பின்னர் காற்றுப் புகாவண்ணம் பொலித்தீனால் மூடி, ஓரங்களுக்கு மண்ணணைத்து, பத்து நாட்களுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும். அதன்பின் ஒரு நாளைக்கு வேண்டிய அளவை மாத்திரம் எடுத்து, அமோனியா மணம் தணியும்வரை நிழலிற் பரப்பி வைத்துக் கொடுக்கலாம். முதல் வாரத்திற் சாதாரண வைக்கோலோடு கலந்து பழக்குதல் நன்று.

இதிற் கவனம் மிக வேண்டும். யூரியாக் கரைசலைக் குடித்த மாடு சிறிது நேரத்திலேயே இறந்துபோதல் கூடும். கரைசல் உள்ள வாளியையும் யூரியாப் பையையும் மாடு அணுகாத இடத்தில் வைக்கவேண்டும். யூரியாவைத் தூளாகத் தீனியின்மேல் தூவுதல் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கும், குதிரை, பன்றி முதலிய இரைமீட்காத விலங்குகளுக்கும் இவ்வைக்கோலைக் கொடுத்தலாகாது. பசித்த வயிற்றோடுள்ள மாட்டுக்கு முதன்முறையாகக் கொடுப்பதும் தகாது.

2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்ட பின்னரும் யூரியாவின் விலை மிக உயர்ந்ததும் கமக்காரர் அறிந்ததே. யூரியா கிடையாத காலத்தில் அல்லது விலை கட்டுப்படியாகாத காலத்தில், மேலே கூறிய பச்சையிலை முறையே போதியது. வேலியிலுள்ள கிளிரிசீடியாவுக்குக் கப்பல் வரவேண்டியதில்லை.

பங்கசுக்குக் கேடு விளைப்பன

இரைப்பையின் நீர் புளித்துவிட்டால், நாரைச் செரிக்கும் பங்கசும் பற்றீரியாவும் தளர்ந்துவிடும். சோறு, அரிசி, நெல், குருணல் முதலிய மாப்பண்டங்களை ஒரேமுறையில் மிகுதியாகத் தின்ற மாட்டில் இது நிகழும். பட்டிப் பொங்கலன்று மாட்டுக்குப் பொங்கல் ஊட்டுதல் தமிழரின் நல்வழக்கம். ஒரு பிடி பொங்கலால் தீங்கில்லை. பானை நிறையப் பொங்கலை வைத்துவிட்டால், வயிறு புளித்து, இரைமீட்டல் நின்று, மாடு படுத்துவிடும், இறத்தலும் உண்டு. களத்திற் குவித்த நெல்லை அவிழ்ந்த மாடு தின்றுவிட்டாலும் இதே கேடு நேரும். அவ்வேளை தாமதமின்றிக் கால்நடை வைத்திய அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும்.

கறவைப் பசுவுக்குத் தவிடும் பிண்ணாக்கும் வேண்டியனவே. அவற்றை ஒரேவேளையிற் கொட்டாமல், காலை மாலை எனப் பிரித்து, முதலில் வைக்கோலைக் கொடுத்த பின்னர் கொடுத்தல் நன்று. எண்ணெய் மிகுந்த தீனி அளவை மீறினால் அதுவும் நார்ச்செரிப்பைக் குறைக்கும். தீனியை மாற்றுவதாயின் இரண்டு வாரகாலத்திற் படிப்படியாக மாற்றவேண்டும்; நுண்ணங்கிகளின் தொகை புதிய தீனிக்கேற்ப மாறுவதற்கு அவ்வளவு காலம் செல்லும்.

வைக்கோலைச் சாண் நீளத்துக்கு நறுக்கிக் கொடுத்தால் வெட்டுவாய்கள் பெருகி, பங்கசு பற்றுவதற்கு இடம் கூடும். மிதிபட்டு வீணாவதும் குறையும். ஆனால் தூளாக அரைத்துக் கொடுத்தலாகாது. தூளான தீனி இரைப்பையிலே தங்காமல் விரைந்து வெளியேறும். நாரைத் துளைப்பதற்குப் பங்கசுக்கு வேண்டிய ஒரு நாட்பொழுது கிடையாமற்போகும்.

இன்னுமொரு தவறான எண்ணமும் எழுதல் கூடும். பங்கசு நன்மை செய்யுமாயின், பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் நல்லதோ என்று சிலர் கேட்கலாம். அது முற்றிலும் தவறு. நனைந்த வைக்கோற்போரிற் கறுப்பாகவும் பச்சையாகவும் படரும் பூஞ்சணம் காற்றில் வாழும் வேறு இனம். அது வைக்கோலின் சத்தைத் தின்றுவிடுவதோடு நஞ்சையும் உண்டாக்கும். அவ்வைக்கோலைக் கூட்டெருக் கிடங்கிற் போடவேண்டுமேயன்றி மாட்டின் முன் போடலாகாது. போரை மேட்டுநிலத்தில், மழைநீர் வழிந்தோடும்படி கூரைபோற் சரித்துக் கட்டி, அடியிலே தடிகளை அடுக்குதல் இதற்குக் காப்பாகும்.

கன்றுக்குப் பங்கசு வரும் வழி

கன்று பிறக்கும்பொழுது அதன் இரைப்பையில் இந்நுண்ணங்கிகள் இல்லை. தாய் நக்கும்பொழுது உமிழ்நீராலும், தாயோடு ஒரே தொட்டியிலுள்ள தீனியை முகர்வதாலும், சாணம் பட்ட புல்லாலும் அவை கன்றை வந்தடைகின்றன. இப்பங்கசு உமிழ்நீரிலும் சாணத்திலும் இருப்பதும், காய்ந்த சாணத்திற் பல மாதங்கள் உயிரோடிருப்பதும் அறியப்பட்டுள்ளன. செம்மறிக்குட்டிகளில் பிறந்து 8 முதல் 10 நாட்களுக்குள்ளேயே பங்கசு காணப்பட்டது. ஆகவே, கன்றைத் தாயிடமிருந்து முற்றாகப் பிரித்துக் கட்டி வைக்காமல், தாயின் அருகில் விடுவதும், இரண்டாம் மூன்றாம் வாரத்திலிருந்து சிறிது இளம்புல்லை அதன் முன் வைப்பதும் பயனுடையன. நோயினால் இரைமீட்டல் நின்ற மாட்டுக்கு, நலமுள்ள மாட்டின் இரைப்பை நீரை மிருக வைத்தியர் புகட்டுவதும் இந்நுண்ணங்கிகளை மீண்டும் குடியேற்றுவதற்கேயாம்.

எரித்தலும் ஊட்டுதலும்

ஒரு வயலின் வைக்கோலை எரித்தால் அதிலுள்ள நைதரசன் பெரும்பாலும் புகையோடு போய்விடும்; கந்தகத்திலும் ஒரு பங்கு இழக்கப்படும். அதே வைக்கோல் மாட்டின் வயிற்றினூடாகச் சென்றால், ஒரு பங்கு பாலாகின்றது, ஒரு பங்கு உழைப்பாகின்றது, எஞ்சியது சாணமாகி வயலுக்கும் காய்கறிப் பாத்திக்கும் திரும்புகின்றது. மாடு இல்லாதோர், தம் வைக்கோலை மாடுள்ள அயலவருக்குக் கொடுத்துச் சாணத்தைப் பெற்றுக்கொள்ளலாம். அதுவும் இயலாவிடின், வயலிலேயே பரப்பி உழுது மடக்கலாம்.

பாற்பண்ணையில்லாத சிறு கமக்காரருக்கு ஒன்றிரண்டு மாடுகளே உண்டு. அவருக்கு விலைகொடுத்து வாங்கும் தீனி கட்டுப்படியாகாது. அவரிடமுள்ள வைக்கோலையும், வேலியிலுள்ள இலையையும், தோட்டத்திலுள்ள கொடியையும் சேர்த்தால் வரண்டகாலம் முழுவதும் மாட்டைத் தளராமற் காக்கலாம். எனவே, இவ்வறுவடைக் காலத்திற் கமக்காரர் செய்யவேண்டியவை இவை: வைக்கோலை மழைக்குமுன் கூட்டிப் போராகக் கட்டுதல், வேலியோரத்திற் கிளிரிசீடியாத் தடிகளை மாரி தொடங்கும்பொழுது ஊன்றுதல், வைக்கோலோடு நாள்தோறும் பச்சையிலை கொடுத்தல், மாப்பண்டத்தை அளவோடு கொடுத்தல், தீனியைத் திடீரென மாற்றாதிருத்தல், தண்ணீர் எந்நேரமும் கிடைக்கச்செய்தல்.

யூரியாப் பதப்படுத்தலைச் செய்ய விரும்புவோர் முதன்முறை தங்கள் பிரிவு விவசாயப் போதனாசிரியரின் அல்லது கால்நடை வைத்திய அதிகாரியின் முன்னிலையிற் செய்துகொள்வது நலம். கிளிரிசீடியாத் தடிகள், தீனிப்புல் நடுகைப்பொருள் என்பனபற்றி அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விசாரித்து அறியலாம்.